கையால் வைத்த புள்ளிகள்

அத்தியாயம் பத்தொன்பது

உறவுக்கு விலை கிடையாது என்று சொல்பவர்கள் கடை வைத்துப் பார்க்காதவர்கள். மார்ஜின் அக்காவின் கடையில் அந்த விலை சுவரிலேயே ஒட்டியிருக்கிறது: ஆய்வேடு வடிவமைப்பு, பக்கத்துக்கு ஏழு. வெளியாள் ஏழு கொடுக்கிறார். உறவுக்காரர் ஒன்றும் கொடுப்பதில்லை. கழித்துப் பார்த்தால் உறவின் விலை பக்கத்துக்கு ஏழு. படம் வரும் பக்கம் என்றால் ஒன்பது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காசு கொடுத்தவன் பொருளைத் திருப்பிப் பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், இல்லாத குறையும் சொல்வான். தானமாக வந்த மாட்டை யாரும் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை. மாடு நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கிற வரைக்கும் பல் இல்லாதது தெரியாது.

இன்றைக்கு மாடு வாயைத் திறக்கப்போகிறது என்று அக்காவுக்கு நேற்றே தெரியும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, இரண்டு கணினி, ஒரு பிரின்டர், அட்டை ஒட்டும் பசை இயந்திரம், இவற்றுக்கு நடுவே மூச்சுவிட இடம் தேடி உட்கார்ந்திருப்பவள் மார்ஜின் அக்கா. ஓர அளவு மயிரிழை பிசகினாலும் மாணவர்களோடு மல்லுக்கு நிற்பதால் வந்த பெயர். அவள் தம்பி டைல்ஸ் வியாபாரி. தம்பியின் மனைவி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களைத் திரும்பப் பேசவைக்கும் வேலை. அந்த வேலையைப் பற்றியே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். பிரசவத்தில் ஒருமுறை நின்றுபோனது. மாமனார் படுக்கையில் விழுந்தபோது இன்னொரு முறை. மூன்றாவதாகத் தொடங்கியபோது அக்கா அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தாள்: புரொபசர். குத்தலுக்கு வைத்ததுதான். அவள் சிரித்தபடியே வாங்கிக்கொண்டாள். இப்போது வீட்டில் அதுவே பெயராகிவிட்டது.

நெறியாளர் கையெழுத்துப் போட்டதோடு சென்ற வாரம் நின்றோம். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டுப் பிரிவில் பிரதிகள் சேர வேண்டும். தவறினால் பதிவு காலாவதி. நான்காம் முறை பதிவு செய்ய விதியில் இடமில்லை.

இனி, நேற்று நடந்தது.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அக்கா கைப்பழக்கத்தில் அட்டவணைப் பட்டியலின்மேல் கர்சரை வைத்துப் புதுப்பிக்கும் விசையைத் தட்டினாள். ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினாள். பட்டியல் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

ஆய்வேட்டின் முன்பக்கங்களில் இரண்டு பட்டியல்கள் வரும். எந்த அட்டவணை எந்தப் பக்கத்தில், எந்தப் படம் எந்தப் பக்கத்தில் என்று. ஒவ்வொரு தலைப்புக்கும் கோப்புக்குள்ளே அடையாளம் வைத்துவிட்டால் கணினியே பட்டியலைத் தயாரிக்கும்; பக்கம் நகர்ந்தால் பட்டியலும் கூடவே நகரும். அக்கா இதை உயிர்ப் பட்டியல் என்பாள். இன்னொரு வழி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் அடித்து, நடுவே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய்க் கடைசியில் பக்க எண்ணைப் போடுவது. அது பொம்மைப் பட்டியல். பார்க்க அப்படியே இருக்கும். மூச்சு மட்டும் இருக்காது.

உயிர்ப் பட்டியலுக்கு மெனக்கெடல் அதிகம். திருத்தத்தோடு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். பாதியில் நின்றுவிடப்போகிறவர்களுக்கு, ஆசைக்கு ஒரு பிரதி எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு, பொம்மை போதும். இதுதான் கடை வழக்கம். யார் முடிப்பார், யார் மாட்டார் என்று வாசற்படி ஏறும்போதே எடை போட்டுவிடுவாள் அக்கா. மாலை வேளைகளில் கடையில் வந்து உட்காரும் புரொபசரிடம் இந்தச் சூட்சுமத்தை அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவளும் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

அவள் கோப்பு முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது அக்கா போட்டது பொம்மைப் பட்டியல்.

நேற்றே சரிசெய்திருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் புரொபசர் பக்கத்து ஸ்டூலில் நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு ஒவ்வொன்றாகப் பிடித்து அடையாளம் வைக்கத் தொடங்கினால், இது முன்னாடியே வைக்கலையா என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு இருந்த ஒரே பதிலை அவள் முகத்துக்கு எதிரே சொல்ல அக்காவுக்கு நாக்கு எழவில்லை. பட்டியலை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே தள்ளுபடி கொடுத்துக்கொண்டு, கோப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

பட்டியலை யாரும் படிப்பதில்லை என்பது உண்மைதான். நெறியாளர்கள் படிப்பதில்லை, தேர்வாளர்கள் படிப்பதில்லை. அதனால்தான் அதைப் படிப்பதற்கென்றே பல்கலைக்கழகம் ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல் சார்.

காலையில் புரொபசர் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனதிலிருந்து அக்காவுக்கு வேலை ஓடவில்லை. இடது ஓரத்தில் விட வேண்டிய இடத்தை வலது ஓரத்தில் விட்டு ஒருவனுக்கு அச்சடித்தாள். அவன் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கடை திறந்த நாளிலிருந்து முதல்முறையாக மன்னிப்புக் கேட்டாள். அவன் பயந்தே போனான்.

நடுவில் தம்பி போன் செய்தான். கருங்கல்லில் பெயர்ப்பலகை வெட்டக் கொடுத்திருக்கிறானாம். எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறார்களாம். டாக்டர் என்று முழுசாக வெட்டினால் செலவு, சுருக்கி 'டா' என்று வெட்டி ஒரு புள்ளி வைத்தால் போதுமா என்று யோசனை கேட்டான். பொண்டாட்டி பெயருக்கு முன்னால் 'டா' போட்டு வாசலில் மாட்டுகிற தைரியம் உனக்கு இருந்தால் மாட்டு என்று சொல்லி அக்கா போனை வைத்தாள். புள்ளி என்ற சொல் மட்டும் காதுக்குள் நின்றது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு புரொபசர் திரும்பி வந்தாள். பை போன கனத்திலேயே இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகுதான் சொன்னாள். பட்டியலில் ஓர் அட்டவணை இருக்கிறது, பயிற்சியை இடையில் நிறுத்தியவர்கள் என்று. உள்ளே அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அது இல்லை. அதற்குப் பின்னால் வரும் எல்லா அட்டவணையும் வேறு வேறு பக்கத்தில். ஸ்கேல் சார் பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

அந்த அட்டவணை எங்கே போனது என்று அக்காவுக்கும் தெரியும். சில மாதங்களுக்கு முன்பே, தனியாக வேண்டாம், முந்தைய அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடு என்று நெறியாளர் சொன்னார். புரொபசர் சேர்த்தாள். விவரம் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பட்டியல் மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது.

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. அவர் சொல்றார், இப்பல்லாம் பட்டியல் தானா வர்றது, உள்ள இருந்தாத்தான் பட்டியலுக்கு வரும். அப்ப கையெழுத்து வாங்கறப்ப அந்த அட்டவணை இருந்திருக்கு, வாங்கினதுக்கு அப்புறம் எடுத்திருக்கீங்கன்னு. பாதியில விட்டவங்க கணக்கை மறைக்கறதுக்காக எடுத்தேன்னு நெனைக்கறார்."

"நெறியாளர்கிட்ட போன் போட்டுக் குடு."

"பிளைட்ல இருக்கார். ராத்திரிதான் எறங்குவார்."

அக்கா பிரின்டரின் மூடியைத் திறந்து, எதுவும் செய்யாமல் மூடினாள். விஷயம் குழுவுக்குப் போனால் குழு கூட ஒரு மாதம் ஆகும். ஐந்து மணி அதற்காகக் காத்திருக்காது.

"பட்டியலைப் போட்டது யாருன்னு கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன சொன்ன?"

"நானேதான் போட்டேன்னு சொன்னேன்." புரொபசர் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "உங்க கடை பேரைச் சொன்னா, தப்பாப் போடற கடைன்னு போர்டுல எழுதிப் போட்டுடுவாரே. அப்புறம் எந்தப் பிள்ளை இங்க வரும்?"

அடித்திருந்தால்கூட அக்காவுக்கு வலித்திருக்காது. கணக்குத் தெரிந்தவள் அவள். உடனே புரிந்துவிட்டது. கடையின் தப்பு என்று சொல்லியிருந்தால் அது வெறும் தப்பு. தானே போட்டேன் என்று சொன்னதும் அது திருட்டாகிவிட்டது. அக்காவைக் காப்பாற்றப் போய் இவள் தூக்குக் கயிற்றைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா கோப்பைத் திறந்தாள். முதல் தலைப்பைப் பிடித்தாள், அடையாளம் வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே. கை தானாக ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒண்ணுலகூட அடையாளம் இல்லையேக்கா."

"அவசரத்துல விட்டுப்போச்சு."

அக்கா திரும்பிப் பார்க்காமல் அடுத்த தலைப்பைப் பிடித்தாள். வெளியே ஒரு வண்டி பின்பக்கமாக நகர்ந்து பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

முதலில் வந்த உயிர்ப் பட்டியல் உயிரோடு இருந்தது, ஆனால் அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருந்தது. தலைப்போடு ஒட்டி எழுதிய நீண்ட விளக்கங்களையும் விழுங்கிவிட்டு, மூளை ஸ்கேன் படம் ஒன்றுக்கு மட்டும் அரைப்பக்கம் கட்டுரை எழுதி வைத்திருந்தது. அக்கா ஒவ்வொன்றிலும் தலைப்பு எங்கே முடிகிறது என்று வெட்டிக் காட்டினாள். மறுபடி தட்டினாள். அட்டவணைகள் வரிசையில் நின்றன. படங்களும் நின்றன. பக்க எண்கள் வலது ஓரத்தில் ஒரே கோட்டில் இறங்கின. இல்லாத அட்டவணை தானாகவே காணாமல் போயிற்று.

இவ்வளவுதான் வேலை. போன வருஷமே செய்திருக்க வேண்டிய வேலை. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

பிரதிகள் அச்சாகி, அட்டை ஒட்டிப் பசை காய்ந்தபோது, புரொபசர் பழையவற்றையும் புதியவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். புது அட்டை எதற்கும் உதவாது என்று இருவருக்கும் தெரியும். சந்தேகம் தீராமல் ஸ்கேல் சார் பேனாவைத் திறக்கமாட்டார்.

"இரு, நானும் வர்றேன்," என்று அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். பிறகு முழுசாக இறக்கினாள்.

ஆய்வேட்டுப் பிரிவு மாடியில் இருந்தது. நீளமான மேசை, அதன்மேல் இரும்பு ஸ்கேல், அதற்குப் பின்னால் ஸ்கேல் சார். கடைக்காரியைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. இருவரும் பல காலமாக எதிர் எதிரே தொழில் செய்கிறவர்கள். அவள் வைக்கிற ஓரத்தை அவர் அளப்பார். மாணவர்கள்தான் நடுவில் தூது. நேரில் பேசிக்கொண்டதில்லை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. இவள் என் தம்பி மனைவி; அந்தப் பட்டியலைப் போட்டது நான், இவள் இல்லை. கணினி போட்டதல்ல, கையால் அடித்தது. அந்த அட்டவணையை முந்தையதோடு சேர்த்தது கையெழுத்துக்கு முன்பே நடந்தது, பட்டியலைத் திருத்தாமல் விட்டது நான், என்று சொன்னாள்.

ஸ்கேல் சார் நம்பவில்லை. அதையும் மரியாதையாகவே சொன்னார். "உங்க கடைப் பிரதியை எத்தனை வருஷமாப் பார்க்கறேன். பட்டியல்ல ஒரு எண் தப்பினதில்ல. நீங்க கையால அடிக்கிற ஆள் இல்லம்மா. சொந்தத்துக்காகப் பழியை ஏத்துக்க வந்திருக்கீங்க. புரியுது."

"புள்ளியைப் பாருங்க சார்."

அவர் பழைய பிரதியை எடுத்து ஸ்கேலை வைத்தார். ஒரு வரியில் புள்ளிகள் நெருக்கம், அடுத்த வரியில் இடைவெளி. பக்க எண்கள் வலது ஓரத்தில் குடித்தவன் நடை நடந்திருந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"சரி. கையால வெச்சதுதான். ஆனா இவங்களே வெச்சிருக்கலாமே. நான் உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்கறவன் இல்ல. கையெழுத்துக்கு அப்புறம் கை வெச்சாங்களான்னு பார்க்கறவன்." ஸ்கேலை எடுத்துப் புதுப் பிரதியின்மேல் வைத்தார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இப்படிச் சுத்தமாப் போடறீங்க. சொந்தத் தம்பி பொண்டாட்டிக்கு மட்டும் எதுக்கு அப்படிப் போட்டீங்க? அதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க. நம்பறேன்."

காரணங்களுக்கு அக்காவிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. கணினி பழுது, மின்வெட்டு, கண்வலி என்று கூடை நிறைய உண்டு. அவசரம் என்று மதியம் ஒன்றை எடுத்து விற்றும் பார்த்துவிட்டாள். இப்போது எதை எடுத்தாலும் இவர் ஸ்கேல் வைத்துவிடுவார்.

புரொபசர் அவளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"முடிப்பான்னு நெனைக்கல சார்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

"பாதியில விட்டுடுவான்னு நெனச்சேன். விடப்போறவளுக்கு எதுக்கு மெனக்கெடணும்னு ஒரு பொம்மையைப் போட்டு வெச்சேன். என் கடையில அது வழக்கம். நேத்து தெரிஞ்சுது. சொல்ல வெக்கமா இருந்தது, அப்படியே அட்டை போட்டுட்டேன்."

ஸ்கேல் சார் ஸ்கேலைக் கீழே வைத்தார். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. சங்கடம்தான் இருந்தது, யாரோ ஒருவர் வீட்டுச் சண்டையின் நடுவே கதவைத் திறந்துவிட்டவர் போல.

"பொய் சொல்ல வர்றவங்க தனக்கு நல்ல பேர் வர்ற மாதிரித்தான் சொல்லுவாங்க," என்றார். "இதை யாரும் ஜோடிச்சுச் சொல்ல மாட்டாங்க."

பேனாவைத் திறந்தார். பழைய பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியவற்றைப் பதிவு செய்துகொண்டார். முத்திரை விழுந்த சத்தம் அக்காவுக்கு முதுகில் விழுந்தது போல இருந்தது. கடைசியில், கடையின் பெயரை போர்டில் எழுதத்தான் வேண்டியிருக்கும், விதி அது, என்று மெதுவாகச் சொன்னார். எழுதுங்கள் என்றாள் அக்கா.

படியில் இறங்கும்போது புரொபசர் முன்னால் போனாள். ரசீதை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். இத்தனை வருஷம் இந்தத் துண்டுக் காகிதத்துக்காகத்தான். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட அவளுக்கு இன்றைக்குக் கொடுத்து வைக்கவில்லை. கெடுத்தது யார் என்று அக்காவுக்குத் தெரியும்.

வாசலில் ரோட்டைத் தாண்ட நின்றார்கள். வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன.

"அடையாளம் இல்லேன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா," என்றாள் புரொபசர். குரலில் கோபம் இல்லை. நோயாளிகளிடம் பேசுகிற அதே நிதானம். "என்கிட்ட வர்றவங்க வீட்டு ஆளுங்க சொல்லுவாங்க, இவர் இனிமே எங்க பேசப்போறார்னு. அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டே சொல்லுவாங்க. பேச்சுதானே போயிருக்கு, காது போகலையே. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அக்கா ஷட்டர் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க தம்பியும் அப்படித்தான் நெனச்சாரா?"

தம்பி கோப்பைக் கொண்டு வந்து கொடுத்த நாள் அக்காவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. கவுண்டரில் முழங்கையை ஊன்றி, சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு, சிரித்தபடி சொன்னான்: ரொம்ப மெனக்கெடாதக்கா, பேருக்கு ஏதாவது போட்டுக் குடு, இது இந்தத் தடவையும் கரையேறாது. அவன் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவள் அதையேதான் செய்திருப்பாள். அது வேறு விஷயம். ஆனாலும் சொன்னான்.

"அவனை ஏன் இதுல இழுக்கற. எல்லாம் நான்தான்."

"நான் கேட்டது அது இல்லையேக்கா."

வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. புரொபசர் தாண்டிப் போனாள். கடைப்பக்கம் திரும்பாமல் வீட்டுப்பக்கம் நடந்தாள். இந்நேரம் தம்பி வீட்டில்தான் இருப்பான், வாசலையே பார்த்துக்கொண்டு.

அக்கா இந்தக் கரையிலேயே நின்று, அன்றைய கணக்கைப் பார்த்தாள். அட்டவணைப் பட்டியல், நேர். படப் பட்டியல், நேர். கடைப் பேர் நஷ்டம், உழைத்தால் மீட்டுவிடலாம். தம்பி மனைவிக்குத் தர வேண்டியதில் தன் பங்கைப் பலர் அறிய ஒப்புக்கொண்டாயிற்று. தம்பியின் பங்கையும் கேட்காமலே தன் பேரில் ஏற்றிக்கொண்டாயிற்று. கூட்டினால் சரியாகத்தான் வந்தது.

பாக்கி: ஓர் ஆமாம். இல்லாவிட்டால் ஓர் இல்லை.